இரண்டு பட்டன்களுக்கு நடுவே

அன்று ஹேவாஹெட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் ட்ரையர் பக்கம் நின்றவர்கள்: தோட்டத்தை நடத்தும் துரை, அடுத்த ஷிப்ட் செல்வம், கண்டியிலிருந்து வந்த எஞ்சினியர் மிஸ், நான்.

யுத்த காலம்; பொலிஸ் பிடித்தால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ட்ரையரின் சூட்டைப் பார்க்கும் புதுப் பெட்டி என் ஷிப்டில் மட்டும் நின்றுபோகும். நான் வேண்டுமென்றே கெடுப்பதாகச் சந்தேகம். இன்னொரு தடவை நின்றால் பொலிசுக்குச் சொல்வதாகத் துரை சொல்லியிருந்தார். யாரும் என்னோடு பேசுவதில்லை. எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்திருந்தது.

“இவன் கை பட்டாத்தாங்க சாகுது,” என்றான் செல்வம் துரையிடம்.

மிஸ் என்னைப் பெட்டியைப் போடச் சொன்னார். பயத்தில், சூட்டை அளக்கும் சென்சருக்கான பட்டன், பெட்டியை ஓடவிடும் பட்டன் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக அழுத்தினேன். நிற்கவில்லை. தப்பித்தேன் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

“தனிய நிக்கேக்கயும் இப்பிடித்தான் அமத்துவியளோ, அண்ணை?” என்று கேட்டார் மிஸ்.

பொய் சொல்ல வரவில்லை. வழக்கம்போல் படபடவென்று அழுத்தினேன். பெட்டி நின்றது.

மிஸ் சிரித்தார். “சென்சர் முழிக்க முந்தியே எங்கட புரோகிராம் அதை வாசிக்கப்போய் நிண்டிடுது. பிழை எங்கட. உங்கட கை வேகம், அவ்வளவுதான்.”

செல்வம் தன் ஷிப்டில் எப்போதும் முதல் பட்டனை அழுத்திவிட்டு வெற்றிலை மடிப்பான். பிறகுதான் இரண்டாவது.

மிஸ் அங்கேயே புரோகிராமைத் திருத்தினார். வேகமாக அழுத்தினேன். ஓடியது. செல்வம் ஒரு வெற்றிலையை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன் யாரும் என்னோடு பேசாத நாட்கள் பதினேழு.