இசக்கித்தாயின் மேற்குச் சன்னல்

புது வீடு கட்டினால் எல்லாரும் பால் காய்ச்சுவார்கள். நல்லக்கண்ணு கொத்தனார் கட்டிய வீடென்றால் அதற்கு முன்னால் சுவரைக் குளிப்பாட்டியாக வேண்டும். பொலி தூற்றுகிற கைக்காத்தாடியைச் சுவருக்கு எதிரே வைத்து ஒருவர் சுற்ற, பருத்திக்கு மருந்தடிக்கிற பம்பில் வெறும் தண்ணீரை நிரப்பி இவர் அந்தக் காற்றுக்குள் பீச்சுவார். உள்ளே சன்னல் ஓரமெல்லாம் அடுப்புச் சாம்பல் தூவியிருக்கும். சாம்பல் எங்கே ஈரம் பட்டுக் கறுக்கிறதோ அங்கே மறுபடி பூச்சு. "மழை வரும்போது பாத்துக்கிடலாம் வே" என்று சங்கரன்கோவிலில் கேலி பேசாதவர் கிடையாது. அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அவர் மனைவி இசக்கித்தாயின் இளைப்பு. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து காற்றோடு சாரல் அடிக்கும்போது அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சுவர் ஊறிப்போகும். படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே அவள் மூச்சுக்குத் தவிப்பாள். ஊருக்கெல்லாம் நனையாத வீடு கட்டுகிற மனுசன், முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். எண்பத்துமூன்றாம் வருசம் புளியங்குடி சாலையோரம் சொந்தமாக ஓர் அறையும் அடுப்படியும் கட்டத் தொடங்கியபோது அவர் நினைப்பெல்லாம் ஒன்றுதான். இந்த வீட்டிலாவது அவள் படுத்துத் தூங்க வேண்டும்.

மேற்கே சன்னலே வேண்டாம் என்றார். எதற்கும் மறுபேச்சுப் பேசாத இசக்கித்தாய் இதில் மட்டும் அசையவில்லை.

"மேக்க சன்னல் இல்லன்னா நான் இந்த வாடக வீட்டுலயே இருந்துக்கிடுதேன். நீங்க போங்க."

"ஏட்டி, சாரல் அடிக்கிற பக்கமே அதுதானட்டி."

"அடிச்சா அடிச்சுட்டுப் போவுது."

காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. முனகிக்கொண்டேதான் சன்னல் வைத்தார்.

பக்கத்துவீட்டுத் தறிக்காரன் தாவூது காத்தாடியைச் சுற்றினான். சாம்பல் கறுத்தது. சன்ஷேடின் அடிப்பக்கமாகத் தண்ணீர் ஊர்ந்து வருவதைக் கண்டுபிடித்து, அங்கே சொட்டிவிடும்படி நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டினார். மறுபடி சோதித்தபோது தூவிய சாம்பல் தூவியபடியே கிடந்தது. பால் காய்ச்சினார்கள்.

ஆனியில் ஒருநாள் புளியங்குடியில் வேலை. மழையால் பஸ் பிந்திவிட்டது. தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தவரின் கண் நேரே சன்னலுக்குப் போனது. கீழே சுவர் நெடுகத் தண்ணீர் வடிந்திருந்தது. இசக்கித்தாய்க்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் ஆடிப்போனார்.

"எங்கன வழியாட்டி வந்துச்சு? நாளைக்கே செங்கல வச்சு அடைச்சிருதேன்."

"ஒழுகல. நான்தான் தொறந்து வச்சேன்."

"இந்த மழையிலயா? கிறுக்கா ஒனக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சாரத்துல ஏறுத மனுசன். மழை வேற. நீங்க பஸ்ஸ விட்டு எறங்குதத கண்ணால பாக்காம எனக்கு இருப்புக் கொள்ளாது. பஸ் நிக்கிற எடம் மேக்கதான இருக்கு. அதுக்குத்தான் சன்னல் கேட்டேன்."

காற்றையும் மழையையும் அத்தனை தரம் சோதித்தவருக்கு, உள்ளே இருப்பவள் தனக்காகச் சன்னல் கதவைத் திறப்பாள் என்று தோன்றவே இல்லை. ஈரத் துண்டைக்கூட மாற்றாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

இளைப்பு தணிந்ததும் அவளைச் சன்னலுக்கு முன்னால் நிறுத்தி, மரக்கதவில் அவள் கண் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார். அந்த இடத்தில் பலகையை அறுத்துக் கண்ணாடி பொருத்தி, விளிம்பெல்லாம் பட்டிக் களிம்பு வைத்து அடைத்தார். அது காய்ந்த பிறகு தாவூதைக் கூப்பிட்டார்.

காத்தாடி சுற்றியது. பம்பை அடித்தார். கண்ணாடிக்குப் பின்னால் இசக்கித்தாயின் முகம். தண்ணீர் வந்து அறைந்ததும் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், சுவரில் பட்டுத் தெறித்த தண்ணீரில் கொத்தனார்தான் தலையோடு கால் நனைந்து நிற்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒழுகுதாட்டி?"

உள்ளே தூவியிருந்த சாம்பலைத் தொட்டு, ஈரமில்லாத விரலைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை. மூச்சிரைக்காமல் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

"போதும் அண்ணாச்சி" என்று தாவூது காத்தாடியை நிறுத்தினான். நல்லக்கண்ணு நிறுத்தவில்லை. பம்பில் தண்ணீர் தீரும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.