வண்டிக்குச் சாம்பிராணி

தவமணி ஒரு காரியத்தைச் செய்யப்போகிறேன் என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் அது பாதி முடிந்த மாதிரி. டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. தன்னைவிட இரண்டு மடங்கு பாரமான டேனிஷ் கிழவர்களைக் கட்டிலில் இருந்து எழுப்பி, முழுகவார்த்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று முரண்டு பிடிக்கிறவர்களையும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து இருத்திவிடுவாள். அந்தப் பிடிவாதத்துக்கு அவளுடைய வலது தோள்தான் பலி. தோள் போன பிறகு வேலை நேரம் அரைவாசியாகக் குறைந்தது. பிடிவாதம் குறையவில்லை.

அப்படிப்பட்டவள், கேம்பரை விற்கப்போகிறேன் என்று ஒரு நாள் காலமை சொன்னாள். அவள் புருஷன் சிவபாலன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அவர் வாய் மூடி இருப்பது சம்மதம் என்றே அவள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தாள்.

கேம்பர் என்றால் சும்மா வண்டி இல்லை. கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி, கக்கூசு எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. சிவபாலன் இறைச்சித் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து, முதுகு முறிய உழைத்து வாங்கியது. டேனிஷ்காரர் என்றால் அதைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, மடக்குக் கதிரை போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நம்முடைய ஆட்களுக்குக் கடல் பார்க்க எங்கே நேரம்? சூரிச்சில் மச்சாள், பாரிஸில் சித்தப்பா, நோர்வேயில் தம்பி என்று ஒரு சொந்தக்காரர் வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்கு ஓடுவதற்கே லீவு காணாது. யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் வண்டிக்குள்ளேயே படுத்து எழும்பலாம் என்பதுதான் சிவபாலனின் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் வீடு தேடி வந்த ஆட்களை வாசலில் படுக்க விட்டால் சனம் என்ன கதைக்கும் என்று மச்சாள் சண்டைக்கு வந்துவிட்டாள். கடைசியில் இவர்கள் உள்ளே மெத்தையில் படுக்க, அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் கும்மாளம் அடித்துக்கொண்டு கேம்பருக்குள் படுத்தார்கள். பாரிஸிலும் இதே கதை. நோர்வேயிலும் இதே கதை.

ஜெர்மனியில் அம்மன் கோயில் தேருக்குப் போகிற நாட்களில் மட்டும் புருஷனும் பெண்சாதியும் தங்கள் வண்டியில் தாங்களே படுத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாம்பிராணி காட்டுகிற கையோடு கீழே இறங்கிப்போய் வண்டிக்கும் காட்டிவிட்டு வருவது சிவபாலனின் வழக்கம். அது ஓடினாலும் சரி, பனிக்குள் மூடிக் கிடந்தாலும் சரி.

பிறகு அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றானபோது வேலை நின்றது, வண்டி ஓட்டுவது நின்றது, தேர் நின்றது. வேறு சிறுநீரகம் வைக்க அவருடைய இதயம் இடம் கொடுக்காது என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். தவமணிக்கு விளங்கியது. சிவபாலன் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாற வருஷம் தேருக்குப் போக வண்டிக்குப் புது டயர் போட வேண்டும் என்றார். அவரோடு கதைத்து என்ன பயன் என்று அவள் அன்றைக்கே விட்டுவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிய வில்லங்கம் படி. அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற நாட்களில் சிவபாலன் ஒவ்வொரு படித்தட்டிலும் குந்தி இருந்து, மூச்சு வாங்கி, பிறகு எழும்பி ஏறுவார். கொம்யூனில் இருந்து, அதாவது நகரசபையில் இருந்து, ஒரு பெண் வந்து இதைப் பார்த்தாள். ஒன்றில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு எடுங்கள், இல்லாவிட்டால் இவரை முதியோர் இல்லத்தில் விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டி வரும் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதியோர் இல்லத்தைப் பற்றித் தவமணிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அங்கே ஆட்களை நன்றாகத்தான் பார்க்கிறார்கள், பார்க்கிறவளே அவள்தானே. ஆனால் அவள் வேலை முடிந்து சப்பாத்தை மாற்றிக்கொண்டு வெளிக்கிடும்போது, யன்னலோரம் இருந்து அவளையே பார்க்கிற முகங்களும் அவளுக்குத் தெரியும். அந்த யன்னலில் சிவபாலன் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

வருஷக்கணக்காகப் பெயர் பதிந்து வைத்திருந்த கீழ்த்தள வீடு ஒன்று அந்த நேரம் பார்த்துக் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் முற்பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். கையில் இருந்ததெல்லாம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. கோப்பன்ஹேகனில் இருக்கிற மகள் சாரங்கா, காசை நான் தருகிறேன் என்றாள். அவளே இப்போதுதான் வீடு வாங்கி, கைக்குழந்தையோடு திண்டாடுகிறவள். வாசலில் ஒரு வண்டி சும்மா நிற்க, பிள்ளையிடம் போய்க் கைநீட்டுவதா? காசு வேண்டாம், விளம்பரத்தை மட்டும் டேனிஷில் வடிவாக எழுதிப் போடு பிள்ளை என்று தவமணி சொல்லிவிட்டாள்.

முதலில் ஒரு இளம் சோடி வந்தது. பொடியன் ஈரம் பார்க்கிற கருவியை மூலை முடுக்கெல்லாம் வைத்துப் பார்த்தான். ஓரிடத்திலும் ஈரம் இல்லை. பெட்டை மட்டும் உள்ளே கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள். இரண்டு பேரும் டேனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். டேனிஷ்காரர் யோசித்துச் சொல்கிறோம் என்றால் அந்த யோசனை வாசலிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று வெள்ளிக்கிழமை. வண்டிக்குள் சாம்பிராணி கமகமவென்று மணந்தது. தவமணிக்கு அது கோயில் மாதிரி இருந்தது. சாரங்காவிடம் போனில் சொன்னபோதுதான் விஷயம் வெளித்தது. மகள் டேனிஷில் சிரித்து, டேனிஷிலேயே விளக்கம் சொன்னாள். பழைய கேம்பர் வாங்குகிற டேனிஷ்காரருக்கு ஈரம் என்றால் பேய்ப் பயம். பலகை உக்கினால் வண்டி குப்பை. இப்படி வாசனை தூக்கினால், உக்கின மணத்தை மறைக்கத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால் கஞ்சா அடித்த வண்டி என்று நினைப்பார்கள். தவமணி தலையில் கையை வைத்தாள். விற்று முடியுமட்டும் வண்டிக்குச் சாம்பிராணி வேண்டாம் என்று சிவபாலனிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அடுத்து வந்தவர்களும் உள்ளே நுழைந்த வேகத்திலேயே வெளியே வந்தார்கள். மணம் அப்படியே இருந்தது. துணியில் ஊறிவிட்டதாக்கும் என்று தவமணி திரைச்சீலையெல்லாம் கழற்றித் தோய்த்தாள். நோகிற தோளோடு சுவரெல்லாம் வினாகிரி போட்டுத் துடைத்தாள். கோப்பித் தூளைக் கிண்ணங்களில் போட்டு மூலைக்கு மூலை வைத்தாள். வேலையால் வந்த கையோடு கதவையும் யன்னலையும் திறந்து விட்டுக் குளிருக்குள் நின்றாள். மூன்றாவதாக வந்த மனுஷர் உள்ளே ஏறவே இல்லை; கதவடியில் நின்று மணந்து பார்த்துவிட்டு, நல்ல பின்னேரமாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாதம் முடிந்துகொண்டு வந்தது.

நாலாவது ஆள், பீர்கித்த என்று ஒரு பெண், சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். தவமணி கேக் வாங்கக் கடைக்குப் போனாள். வருகிறவர்களுக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்ப அவளுக்கு மனம் வராது. திரும்பி வந்து கீழ்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டு முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கேக் பெட்டியோடு விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

முதலாவது படித்தட்டில் சிவபாலன் சுவரில் சாய்ந்து குந்தி இருந்தார். பக்கத்தில் சாம்பிராணித் தட்டு. கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. முகம் வெளிறி, சேர்ட் வேர்வையில் ஒட்டியிருந்தது. வண்டிக்குப் புகை காட்டிவிட்டு ஏறிவந்த மனுஷனைப் படி பிடித்துவைத்துவிட்டது.

"நீங்களோ?" என்றாள் தவமணி.

"ஓம்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முதல் வெள்ளி வழக்கமாத்தான் காட்டினனான். அந்தச் சனம் திரும்பிப் போனதைக் கண்டாப் பிறகு, வேணுமெண்டுதான் காட்டினனான், தவம். நீர் வேலைக்குப் போற நேரம் பாத்து இறங்கிப் போறனான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோய்த்த திரைச்சீலை, வினாகிரி, தோள் வலி, குளிருக்குள் நின்ற நேரம் எல்லாம் ஒன்றாகத் தலைக்கு ஏறியது. "வீடு கைவிட்டுப் போனா உங்களை எங்கை கொண்டுபோய் விடுவினம் எண்டு தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ செய்தனீங்கள்?"

"அந்த வண்டி கீழை நிக்குமட்டும், நான் ஒரு நாள் எழும்பி ஓடுவன் எண்டு ஒரு நினைப்பு இருக்கு. அதையும் வித்தாப் பிறகு என்னட்டை என்ன இருக்கு?"

தவமணி கேக் பெட்டியைப் படியில் வைத்தாள். "சரி. எழும்புங்கோ. எங்கடை வீட்டு வாசல் வரைக்கும் ஒரு இடத்திலையும் குந்தாமல் ஏறுங்கோ. ஏறிட்டீங்கள் எண்டா நான் இப்பவே விளம்பரத்தை எடுத்துவிடுறன். வண்டி நிக்கட்டும்."

சிவபாலன் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. கைபிடியைப் பற்றி எழும்பினார். ஒரு படி ஏறினார். இன்னொன்று. அடுத்ததில் காலை வைத்தார். நின்றார். மேலே பார்த்தார், மேலே இன்னும் எவ்வளவோ இருந்தது. அப்படியே மெல்லச் சரிந்து படியில் இருந்துவிட்டார்.

தவமணிக்கு வெட்கமாக இருந்தது. ஏலாத மனுஷனை ஏறச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேனே என்று தன்மேலேயே கோபம் வந்து, கண் நிறைந்து வழிந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மூச்சு சீராகுமட்டும் காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பீர்கித்த கீழே வந்து நிற்கிறாள். தவமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். இந்த மணத்துக்கு என்ன கதை சொல்வது என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"நில்லும்," என்றார் சிவபாலன். "என்னையும் கூட்டிக்கொண்டு போம்."

பீர்கித்த, தபால் பங்கிடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒல்லியான பெண். தனி ஆள், கூட ஒரு கிழட்டு நாய். கேம்பர் கதவைத் திறந்ததுமே அவளும் மூக்கை உறிஞ்சினாள். தவமணி வாயைத் திறக்க முதல், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவபாலன் தன்னுடைய தொழிற்சாலை டேனிஷில் சொல்லத் தொடங்கினார். ஈரம் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் அளந்து பாருங்கள். மணம் நான் போட்டது. யாரும் வாங்கக் கூடாது என்றுதான் போட்டேன்.

பீர்கித்த அவரையே பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. இப்போது நான் வாங்கலாமா என்று கேட்டாள்.

சிவபாலன் அண்ணாந்து மூன்றாம் மாடி யன்னலைப் பார்த்தார். பிறகு தவமணியைப் பார்த்தார். "வாங்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ தெரியாது. இரண்டாவது கியர் குளிர் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாமல் போட வேண்டும்; அடுப்பின் இடது பக்கம் மெதுவாகத்தான் பிடிக்கும்; மழை நாளில் கூரை யன்னலை இழுத்து மூட வேண்டும் என்று வண்டிக்குள் கதிரையில் இருந்தபடியே அதன் குலம் கோத்திரம் எல்லாம் சொன்னார். வண்டியை நிறுத்திப் படுக்க எந்த முகாம் நிலம் நல்லது என்று பீர்கித்த கேட்டாள். சூரிச்சில் மச்சாள் வீட்டு வாசல்தான் திறம், ஆனால் வண்டிக்குள் படுக்க விடமாட்டாள் என்று அவர் சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். படியில் வைத்த கேக்கை எடுத்துவந்து வெட்டினார்கள். காசும் பெயர் மாற்றமும் அங்கேயே போனில் முடிந்தன. நாய் தானாகவே ஏறி முன் இருக்கையில் குந்தியது. வண்டி மூலை திரும்புமட்டும் சிவபாலன் விடைகொடுக்க உயர்த்திய கையை இறக்கவில்லை. தவமணி வண்டியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்ப ஏற வேண்டுமே. முதல் படித்தட்டில் அவர் குந்தினார். அவளும் பக்கத்தில் குந்தினாள். சாம்பிராணித் தட்டு அங்கேயே கிடந்தது. கரி அணைந்துவிட்டிருந்தது.

"இந்தப் படி இன்னும் எத்தினை நாளைக்கு?" என்று கேட்டார்.

"ஒண்டாந் திகதி மட்டும்."

அவர் தட்டை எட்டித் தன் பக்கம் இழுத்தார். "அந்தக் கீழ் வீட்டு வாசல்லை வண்டி நிப்பாட்ட இடம் இருக்கோ?"

தவமணிக்குத் திக்கென்றது. இந்த மனுஷன் இன்னும் விடவில்லையா? "என்னத்துக்கு?"

"சூரிச்சிலை இருந்து மச்சாளவை வந்தா எங்கை விடுறது? இனி அவைதானே வரவேணும்."

"இருக்கு," என்றாள் தவமணி. "நாலு வண்டி விடலாம்."

"அப்ப வரட்டும். ஆரும் வண்டிக்குள்ளை படுக்கேலாது எண்டு இப்பவே சொல்லிப்போடும். எங்கடை வீட்டுக்குள்ளைதான் படுக்கவேணும்." சொல்லிவிட்டுக் கைபிடியைத் தேடினார். தவமணி நோகாத தோளை அவர் பக்கம் கொடுத்தாள்.