இறந்த ஆண்டு

என் அலுமாரியில் ஒரு பிள்ளை படம் கீறிய மட்டை கிடக்கிறது. அதில், தான் ஏறி நிற்கும் வள்ளத்தைவிடப் பெரிய மீசையோடு ஒரு மனிதர். கீழே நான்கு கட்டங்கள்: பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வாழ்ந்த காலம். மூன்றாவது கட்டத்தில் பிளேட்டால் சுரண்டிய ஓட்டை. சுரண்டியது நான்தான்.

அப்போது மன்னார்த் தீவில் ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். ஒரு கிழமை முழுக்க எல்லாப் பாடத்திலும் தேசத் தலைவர்கள்தான். சித்திரத்தில் முகம், தமிழில் ஐந்து வசனம், கணிதத்தில் இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து வயது. பிள்ளைகளுக்கு எல்லாத் தலைவர்களும் ஒரே ஆளாகவே தெரிந்தார்கள். அதனால் கடைசியில், "எங்கட ஊருக்கு உழைச்ச ஒருத்தரைச் செய்துகொண்டு வாங்கோ" என்றேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு.

ஒரு சிறுமி தன் தகப்பனைச் செய்துகொண்டு வந்தாள். மீனவர் சங்கத் தலைவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன், காற்றில் அகப்பட்ட ஒரு வள்ளத்தைத் தேடிப் போய், தானும் திரும்பி வராதவர். கடைசி இரண்டு கட்டங்களை அவள் வெறுமையாக விட்டிருந்தாள். மறுநாள் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். சுவரில் அரைகுறை வேலை தொங்கக்கூடாது. சிவப்புப் பேனையால் நானே ஆண்டை எழுதி, "இப்ப கழியுங்கோ பிள்ளை" என்றேன். கடன் வாங்கிப் பிழையில்லாமல் கழித்தாள். முப்பத்தாறு. சரி போட்டு நட்சத்திரமும் கீறிக் கொடுத்தேன். வந்தவர்கள் அந்த மட்டையைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள்.

மட்டை வீட்டுக்குப் போன மறுநாள் காலை அவளுடைய தாய் வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அந்தக் கட்டத்தை விடச் சொன்னது நான்தான் ரீச்சர். செத்தவைக்கு ஒப்புக்குடுக்கிற ஆத்துமப் பூசையை அவருக்கு நான் இன்னும் ஒப்புக்குடுக்கேல்லை. மடு மாதா கோயிலுக்குப் போனாலும், கடலிலை நிக்கிற ஆளுக்கெண்டுதான் மெழுகுதிரி கொளுத்திறனான். இப்ப பிள்ளை கேக்குது, ரீச்சர் சரி போட்டிட்டா, நீங்கள் ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள் எண்டு."

குரலை உயர்த்தி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பிளேட்டை எடுத்துச் சுரண்டினேன். சிவப்பு மை மட்டைக்குள் இறங்கியிருந்தது. சிறுமியைக் கூப்பிட்டு, "ரீச்சர் பிழையா எழுதிப்போட்டன் அம்மா" என்றேன். அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

"இல்லை ரீச்சர், கணக்குச் சரி. நான் ரெண்டு தரம் செய்து பாத்தனான்."

அந்த வருடம் கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களின் பெயர்களைப் பங்குச் சுவாமி வாசித்துக்கொண்டு போனார். நடுவில் அந்தத் தகப்பனுடைய பெயரும் வந்தது; தாய்தான் கொடுத்திருந்தார். முன் வாங்கில் அவர் தலை குனிந்திருந்தார். பக்கத்தில் மகள் கைகூப்பி நிமிர்ந்திருந்தாள். கடலும் ஊராரும் இரண்டு வருடமாகச் சொல்லியும் நம்பாத அந்தத் தாயை, ஒரு கழித்தல் கணக்கால் நம்பவைத்துவிட்டேன்.

இப்போது கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் படிப்பிக்கிறேன். அந்தப் பாடம் வரும்போது பிறந்த ஆண்டோடு நிறுத்திவிடுகிறேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை, தெரியும். மட்டையில் ஆண்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் அவள் எழுதிய முப்பத்தாறை நான் சுரண்டவில்லை. அது சரியான விடை.