பத்தடிச் சுவர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் எழுதத் துணிவது சரியோ தெரியவில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். கல் வைத்துக் கட்டுகிற மேசன் வேலை பழகும் பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டார்கள். அதனால் மட்டக்களப்புப் பக்கம் கிரானுக்கு மேற்கே ஒரு வயல் ஊரில் பள்ளிக்கூட மண்டபம் கட்டியதைச் சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. நாலு குடி, நாலு சுவர்

அறுபதுகளில் நடந்தது. தலைமை மேசனாக நான் எடுத்த முதல் வேலை அது. அங்கே பள்ளிக்கூடமாக இருந்தது தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க ஆற்றைக் கடந்து போக வேண்டும். ஆண் பிள்ளைகள் சிலர் போனார்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிட்டார்கள். கல்லால் ஒரு மண்டபம் எழும்பினால் ஆறாம் வகுப்புக்கு அனுமதியும் ஒரு ஆசிரியரும் தருவதாக வட்டாரக் கல்வி அதிகாரி சொல்லியிருந்தார். மாரி மழைக்கு முன் வந்து பார்ப்பார். பார்க்கும்போது கூரை இருக்க வேண்டும்.

அந்த ஊரில் நாலு குடிகள், தாய்வழி வந்த நாலு குலங்கள். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. மண்டபத்துக்கும் நாலு சுவர். "ஒரு குடிக்கு ஒரு சுவர் குடுத்தா வேலை ஓடும்" என்று பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் சொன்னார். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். உண்மையில் வேலை ஓடத்தான் செய்தது. வயலில் இருந்து வந்த கையோடு கல் சுமந்தார்கள், சாந்து குழைத்தார்கள். கூலிக்கு ஆள் பிடித்திருந்தால்கூட அப்படி வேலை நடந்திருக்காது.

சுவர் ஏழடி வந்தபோது மாதா கோயில் திருவிழாவுக்காக நான் பட்டணத்துக்கு, புளியந்தீவுக்குப் போனேன். கல் வைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். "பத்தடியில நிப்பாட்டுங்க" என்று வாயால் சொன்னேன். மூலைகளில் பத்தடிக்கு அடையாளம் வைத்து நூல் கட்டிவிட்டுப் போகவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

2. திரும்பி வந்தபோது

ஆறு நாள் கழித்து வந்தேன். கூரை போட வந்த தச்சர், ஓடாவி என்போம், தன் மரங்களின் மேல் உட்கார்ந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேசன், மண்டபமா கட்டுறீங்க, ஏணியா?" என்றார்.

வடக்குச் சுவர் பன்னிரண்டடி. கிழக்கு பதினொன்றரை. மற்ற இரண்டும் பதினொன்று. வடக்குச் சுவர் முதலாங்குடியினுடையது. கோயிலில் முதல் மரியாதை பெறுகிற குடியின் சுவர் மற்றதைவிடத் தாழ்ந்து நிற்கக்கூடாது என்று ஒரு வரிக் கல் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டு கிழக்குக்காரர் ஒரு வரி. பிறகு எல்லாரும். கல் முடிந்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறார்கள். சுவர்கள் ஒரே மட்டத்தில் முடியாமல் கூரையைத் தாங்கும் வளை மரம் வைக்க முடியாது. அதிகாரி வர இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது.

"எல்லாத்தையும் பத்தடிக்கு இறக்குவம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

முதலாங்குடியின் பெரியவர் கோயில் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் அவர் கையில். "எங்கட சுவர்ல கை வைக்க ஒருத்தரையும் விடமாட்டன்" என்றார்.

கிழக்குச் சுவருக்குப் பொறுப்பு வட்டைவிதானையார். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். "அப்ப எங்கடதும் இறங்காது. தண்ணிய மட்டமாப் பங்கிடுறவன் நான், எனக்கு மட்டம் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சுதானே அரையடி குறைச்சுக் கட்டின நீங்க" என்றார் வண்ணக்கர்.

பெரிய வாத்தியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

3. பூரணத்தின் கல்

தண்ணீர்க் குடத்தோடு வந்த பூரணம் என்ற பெண் குடத்தை இறக்கினாள்.

"வண்ணக்கர் அண்ணே, உங்கட சுவரை ஆரும் இடிக்க வேணாம். மத்த மூணையும் அதுக்குச் சரியா ஏத்தச் சொல்லுங்க."

"கல்லு எங்ககா இரிக்கி?" என்றார் வண்ணக்கர்.

"என்ட வீட்டு வளவுக்க இரிக்கி."

அந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கலியாணத்துக்கு முன் மகளுக்கு வீடு நிற்க வேண்டும். அதனால் மகள் சிறுமியாக இருக்கும்போதே தாய் கல் சேர்க்கத் தொடங்குவாள். பூரணம் கணவனை இழந்தவள். அறுவடைக்கு அறுவடை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கல் அது.

"அது உன்ட மகள்ர வீட்டுக் கல்லு புள்ள" என்றார் விதானையார்.

"வீடு பிந்தினாப் பிந்தட்டும். அவள் இந்த வருசம் அஞ்சாம் வகுப்பு முடிக்கிறாள். இது எழும்பாட்டி மறுகா எங்க போவாள்? நீங்க உயரம் அளந்துகொண்டு நில்லுங்க. நான் போய்க் கல்லை எடுத்து வாறன்."

அவள் முதல் கடகப் பெட்டிக் கல்லைத் தலையில் சுமந்து வந்தபோது ஒருவரும் நகரவில்லை. இரண்டாவது தடவை அவளுக்குப் பின்னால் வண்ணக்கரின் மனைவி கல்லோடு வந்தார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். பொழுது சாயுமுன் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எந்தக் குடிக் கல் எந்தச் சுவருக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. வண்ணக்கர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிழக்குச் சுவருக்குச் சாந்து எடுத்துக் கொடுத்தார். விதானையார் அதை வாங்கி வைத்தார். பேச்சு மட்டும் இல்லை.

இந்த முறை நான் நாலு மூலையிலும் பன்னிரண்டடிக்கு நூல் கட்டினேன். ஒன்பதாம் நாள் ஓடாவி வளை ஏற்றினார். ஓடு முழுதாகப் போட்டு முடித்தது அதிகாரி வருவதற்கு முதல் நாள்.

4. பரிசோதனை

அதிகாரி பிளானை விரித்து, நாடா பிடித்து அளந்தார்.

"பத்தடிதானே போட்டிருக்கு. ஏன் இவ்வளவு உயரம்?"

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வண்ணக்கரைப் பார்த்தேன்.

"காத்துக்கு ஐயா" என்றார் வண்ணக்கர்.

"ஓம், காத்துக்குத்தான்" என்றார் விதானையார். மண்டபச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அப்போதுதான்.

அதிகாரி மேலே பார்த்தார். வியர்வையைத் துடைத்தார். "நல்ல காத்துத்தான்" என்று சொல்லி, ஆறாம் வகுப்புக்கு அனுமதி எழுதினார்.

வேலை பழகுகிறவர்களுக்கு இதுதான் சொல்ல இருக்கிறது. ஊர் கூடிக் கட்டும்போது கல்லும் கையும் தானாக வந்துவிடும். மட்டத்தை மட்டும் முதலிலேயே நூல் கட்டிக் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடம் கட்டியிருக்கிறேன். தாய்மார் தங்கள் மகள்மாரின் வீட்டைச் சுமந்து வந்து கொடுத்த சுவரை வேறெங்கும் நான் கட்டவில்லை.

அனுமதி கிடைத்த அடுத்த நாள் ஆறாம் வகுப்புக்குப் பூரணத்தின் மகளோடு சேர்த்துப் பதினொரு பிள்ளைகளின் பெயரைப் பெரிய வாத்தியார் எழுதிக்கொண்டார். நான் ஏறாவூரில் ஒரு கடைக்குச் சுவர் பூசப் போனேன்.