டொக்கு அக்காவும் பால்கனியும்

அக்காவின் ஐம்பத்தொரு வயதில் பத்தொன்பது வருடம் சுவர்களைத் தட்டியே போயிருக்கிறது. கடலோரப் பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் குழுவில் அவருக்கு அதுதான் வேலை. மரச்சுத்தியலால் சுண்ணாம்புக் காரையை மெல்லத் தட்டுவார். கெட்டியாகச் சத்தம் வந்தால் நகர்வார். பொக்கென்று கேட்டால், உப்பு உள்ளே இறங்கிக் காரை சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம். சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டமில்லாத இடத்துக்கடியில் கொத்தனார்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் வைத்த பெயர், டொக்கு அக்கா.

மூன்று மாதமாக அக்காவுக்குக் காது மந்தம். முதலில் அலைச் சத்தத்தின் மேல் பழியைப் போட்டார். பிறகு ஒருநாள் குக்கர் விசில் அடித்தது தெரியாமல் அடுப்படியிலேயே நின்றிருந்தார். வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? கொத்தனார்களில் ஒருவன் அவருடைய உடன்பிறந்த தம்பி.

நேற்று பழைய சுங்கக் கட்டடத்தின் பால்கனி. அடிப்பக்கம் முழுக்கப் பூ வேலை செய்த காரை. வட்டம் போட்டால் அத்தனையையும் வெட்டி எறிந்துவிடுவார்கள். அக்கா சாரத்தில் ஏறித் தட்டினார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு குச்சியின் நுனியைக் காரையில் ஊன்றி, மறுநுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டினார். கொஞ்ச நாளாகப் பல்லில் வரும் அதிர்வை வைத்துத்தான் சமாளித்து வந்தார். இப்போது பல் அதிர்ந்தது. காரையாலா, பயத்தாலா என்றுதான் தெரியவில்லை.

"என்னக்கா, உள்ள யாரும் கதவத் திறக்க மாட்டேங்கிறாங்களா?" சாரத்தின் மறுகோடியில் தம்பி சிரித்தான். "நான் வரலாமா, வேணாமா?"

அவர் திரும்பவில்லை. தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

காலடிப் பலகை குலுங்கியபோதுதான் அக்கா பார்த்தார். அவன் பால்கனிக்கடியில் மல்லாந்து படுத்து, அதைத் தாங்கும் துருப்பிடித்த இரும்பை உளியால் அடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் சுண்ணாம்புத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார்.

"பைத்தியமா உனக்கு? கேட்டுட்டுத்தானே வந்தேன்!" தம்பி கத்தினான்.

"எனக்குக் கேக்கலடா."

"என்ன கேக்கல?"

"எதுவுமே சரியாக் கேக்கல. மூணு மாசமா."

அவன் முகத்தைத் துடைக்கவில்லை. மேலே பார்த்தான். "அப்போ இத்தன நாளா நான் எதுக்கடியில படுத்திருந்தேன், அக்கா?"



தம்பிதான் வேலையை மேற்பார்க்கும் எஞ்சினியரம்மாவிடம் போய்ச் சொன்னான். மூன்று மாதத்தில் அக்கா தட்டிய எல்லாக் கட்டடங்களின் முன்னும் இப்போது நடைபாதையை மறித்துக் கயிறு கட்டியிருக்கிறது. திங்கட்கிழமை வேறொருவர் வந்து, முதல் சுவரிலிருந்து மறுபடி தட்ட ஆரம்பிக்கிறார்.