பேர் பதிஞ்ச ஆளும் கைக்காசு ஆளும்

ஆஸ்திரேலியாவில் நாய்ச் சாப்பாடு விற்கிற ஒரு கம்பனிக்குத்தான், இலங்கையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு, நானும் அக்காவும் வேலை செய்கிறோம். நாய் வளர்க்கிறவர்கள் போனில் ஓடர் போடுகிற ஆப்பை நான் எழுதுவேன். அது எங்கே உடைகிறது என்று அக்கா நோண்டி நோண்டிக் கண்டுபிடிப்பாள். நான் சாதாரணதரப் பரீட்சையில் கணக்குக்குக் குப்புற விழுந்தவன். மிச்சப் படிப்பெல்லாம் போனில் வீடியோ பார்த்து வந்தது. அக்கா உயர்தரம் வரைக்கும் போனவள் என்பதால், என் பிழையைக் கண்டுபிடிக்கும்போது அவள் முகத்தில் ஒரு தனி வெளிச்சம் வரும்.

ஆனால் அப்படி ஒருத்தி இருப்பதே கம்பனிக்குத் தெரியாது. வேலை என் பேரில் போகும், காசு என் பேரில் வரும், பாதியை அவளிடம் கொடுப்பேன். அவளைத் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு மொத்தக் கடைக்காரர் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் போய்விட்டால் ஆப் ஒரு வாரம் தாங்காது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

போன வருஷம் கம்பனியில் இருந்து ஒரு மெயில் வந்தது. வரி விஷயமாக ஒரு விளக்கம் வேண்டுமாம். நீங்கள் எங்கள் ஊழியரா, தனி ஆளாகச் செய்கிற ஒப்பந்தக்காரரா, கூட்டு வியாபாரமா, பதிவு செய்த கம்பனியா? மாத முடிவுக்குள் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம்.

நாலையும் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க நான் நாலுமாகத் தெரிந்தேன்.

அம்மா அப்போதுதான் ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்னாடா இருக்கு? ஊழியர்னு போடு. பேர் பதிஞ்சாத்தான் வயசான காலத்துல ஈபிஎப் காசு வரும், லீவு வரும். இல்லாட்டி காலம் பூரா கைக்காசு ஆளுதான்."

எங்கள் தோட்டத்தில் மனிதர்கள் இரண்டு வகைதான். தோட்டத்துத் தொரை வைத்திருக்கிற செக்ரோல் பதிவேட்டில் பேர் பதிந்தவர்கள் ஒரு வகை. கூப்பிட்ட அன்றைக்கு வேலை செய்து, அன்றைக்கே காசு வாங்கிக்கொண்டு போகிற கைக்காசு ஆட்கள் இன்னொரு வகை. பேர் பதிவதற்காக ஆட்கள், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மாசக்கணக்காக நிற்பார்கள். இங்கே ஒருத்தன் கடல் தாண்டி வந்து பதியட்டுமா என்று கேட்கிறான், வேண்டாம் என்றா சொல்வது? 'ஊழியர்' என்று அனுப்பிவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாளே பதில் வந்தது. ரொம்பப் பணிவான பதில். லீவும் ஈபிஎப்பும் கேட்டுவிடுவேனோ என்று எழுதின ஆள் வெலவெலத்துப் போயிருப்பது படித்தவுடன் தெரிந்தது. நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம், எழுதினால் எங்களால் தொடர முடியாது. உங்கள் ஊரில் வியாபாரத்தைப் பதிந்து அதன் பிரதியை அனுப்புங்கள்.

"பாத்தியா, ஒன்னய கைக்காசுக்குத்தான் லாயக்குன்னு எழுதிட்டான்" என்றாள் அக்கா.

பஸ் பிடித்துப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். முதலில் கிராம சேவகர் வந்து வியாபார இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நாங்கள் இருக்கிற லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் தோட்ட ஆபீஸ் கடிதமும் வேண்டும். கடிதத்துக்கு நடையாய் நடந்தேன். வியாபார இடம் என்றால் கடை மாதிரி இருக்க வேண்டாமா? ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். தேங்காய் உடைத்து, எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன்.

கிராம சேவகர் மிஸ் வந்து போர்டைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு லெப்டொப், ஒன்றின் முன்னால் அக்கா.

"மல்லி, சாமான் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர்கள் பாஷையில் தம்பி மல்லி, தங்கச்சி நங்கி.

"ஆஸ்திரேலியாவுல, மிஸ்."

"வாங்குற ஆளுங்க?"

"அவங்களும் அங்கதான்."

"அப்ப இங்க என்ன இருக்கு?"

"நாங்க இருக்கோம், மிஸ்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லயத்து மாமா ஒருவர் போனோடு வந்து நின்றார். "தம்பி, கடை தொறந்துட்டியாமே. போன்ல காசு முடிஞ்சிருச்சு, ஒரு ரீலோட் போடு." மிஸ் முகம் மலர்ந்துவிட்டது. "ஆ, போன் கடை, கொமியூனிகேஷனா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" இல்லை என்று விளங்க வைப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு அக்காவைக் காட்டிக் கேட்டார். "இந்த நங்கி யாரு?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கைக்காசு ஆளு, மிஸ். வந்தா வேலை, வராட்டி இல்ல."

மிஸ் சிரிக்கவில்லை. அக்கா லெப்டொப்பை மெதுவாக மூடினாள். சண்டை போடுகிற அக்காவை எனக்குத் தெரியும். சத்தம் போடாமல் மூடுகிற அக்காவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"விளையாட்டு இல்ல மல்லி. சம்பளம் குடுக்கிறீங்களா, லாபத்துல பங்கா?" என்றார் மிஸ். சம்பளம் என்றால் அவள் வேலையாள், நான் முதலாளி, ஈபிஎப் நான்தான் கட்ட வேண்டும். பங்கு என்றால் கூட்டு வியாபாரம், இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். கூட்டுக்கு ஒரு வரிக் கணக்கு, அது போக ஆளாளுக்கு ஒரு கணக்கு. "தனி ஆளாப் பதிஞ்சா லேசு" என்றும் சொன்னார்.

"பாதி குடுக்கிறேன், மிஸ். அது சம்பளமா பங்கான்னு தெரியல."

"நட்டம் வந்தா?"

"அப்பவும் பாதிதான். போன மழைக்கு லெப்டொப் நனைஞ்சப்ப அவ காதுத் தோட்ட வித்துத்தான் புதுசு வாங்கினோம்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அடுப்படியில் இருந்து அம்மா குரல் கொடுத்தார். "அவள வேலையாளாவே பதிடா. அவளுக்காச்சும் ஈபிஎப் வரட்டும்."

"இவன் எனக்குத் தொரையா?" அக்கா எழுந்துவிட்டாள். "அதுக்கு நான் தம்புள்ளைக்கே போயிர்றேன். அங்க மொதலாளிக்காவது மீசை இருக்கு."

நான் மீசை இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கேலிக்கு ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"கூட்டாவே பதிங்க, மிஸ். அவ பேர மொதல்ல போடுங்க."

"எதுக்கு மொதல்ல?" என்றாள் அக்கா.

"மூத்தவதானே. வயசு தெரியட்டும்."

பேனா என் மேல் பறந்து வந்தது. ஆனால் அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

பதிவு கிடைத்தவுடன் கம்பனிக்கு அனுப்பினோம். மெயிலை அக்காதான் எழுதினாள். முதல் தடவையாக 'நாங்கள்' என்று எழுதினாள். அங்கே இருந்து கேட்டார்கள்: மகிழ்ச்சி, ஆனால் இந்த இன்னொருவர் யார்? 'இவ்வளவு காலமும் உங்கள் ஆப்பில் பிழை கண்டுபிடித்தவள்' என்று பதில் போட்டாள். ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது.

அம்மாவிடம் காட்டினோம். "அப்ப பேர் பதிஞ்சாச்சா?"

"பதிஞ்சாச்சு."

"யாரு பதிஞ்சா?"

"நாங்களேதான்."

"ஒங்க பேர நீங்களே பதிஞ்சுக்கிட்டீங்களா? அப்ப தொரை யாருடா?"

நான் அக்காவைக் காட்டினேன். அதே நேரம் அக்கா என்னைக் காட்டினாள். இரண்டு பேருக்கும் உண்மையாகவே தெரியவில்லை.

"சரி சரி," என்று அக்கா திரையைத் திருப்பினாள், "காசு கட்டுற பக்கம் மறுபடி ஒடஞ்சிருக்கு. இன்னிக்கே சரி பண்ணு."

நான் மேசைக்குப் போனேன்.

"ம்," என்றார் அம்மா, "இப்ப வெளங்குது."