பலாமரத்துக்கு இடது பக்கம்

ரப்பர் விலை ஏறிக்கொண்டே இருந்த வருடங்களில் ஒன்று அது. நாங்கள் நாலு பேர். நாலு பேரிடமும் கியர் வைத்த மலைச் சைக்கிள். திருவனந்தபுரத்துக்குப் போய் வாங்கிவந்தவை. மட்கார்ட் கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்ட் கிடையாது, மணிகூடக் கிடையாது. என் சைக்கிளை முதன்முதலாக வீட்டு முற்றத்தில் சாய்த்து வைத்தபோது பக்கத்து வீட்டு அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாக்கி சாமானம் எல்லாம் எப்ப வரும் பிள்ளே?" என்று கேட்டார்.

நாலு பேரில் ஒருவன் குழித்துறையில் மருந்துக்கடை வைத்திருந்தான். ஒருவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்றாமவன் தேங்காய்ப்பட்டணத்துக்காரன்; துபாயில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. நாலாவது நான். தாலுகா ஆபீசில் கிளார்க். உட்காருகிற வேலை. அதில் மட்டும் எனக்கு யாரும் சமானம் இல்லை.

துபாய்க்காரன் லீவில் வரும்போதெல்லாம் ஒரு சனி, ஞாயிறு சைக்கிளில் எங்காவது போய்த் தங்கிவிட்டு வருவோம். வழி பார்ப்பது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் மேப் பார்க்கத் தெரிந்தவன் நான்தான் என்று அவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது. அதை உண்டாக்கியதும் நான்தான். முந்தைய வருடம் ஒரு பாசனச் சானலின் கரையைக் கண்டுபிடித்தேன். மேப்பில் அழகாக, கோடு கிழித்தமாதிரி இருந்தது. நேரில் பார்த்தால் கரை பாதியில் இடிந்து கிடந்தது. முன்னால் போன துபாய்க்காரன் சைக்கிளும் தானுமாகச் சானலுக்குள் இறங்கினான். ஏறிவந்து, சட்டைப் பையிலிருந்த புது போனைத் தலைகீழாகப் பிடித்தான். அதிலிருந்து வெள்ளம் சொட்டியதை நாலு பேரும் மரியாதையாக நின்று பார்த்தோம்.

ஆகவே இந்த வருடம் மருந்துக்கடையின் பின்பக்கத்து பெஞ்சில் கூடியபோது துபாய்க்காரன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"ஏலே, இந்த தடவ நீ மொதல்ல ஓட்டிப் பாத்துட்டு வா. பெறவு நாங்க வாறோம். இனியும் வெள்ளத்துல எறக்கினியானா, அடுத்த லீவுக்கு உனக்கு போன் வராது, பாத்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் சிரிக்கும்போது சொல்லுவதைத்தான் செய்வான். வீட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் போய்வருவதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் வேறு திசை இருந்தது என்றால் அது இவர்கள் மூன்று பேரோடு போகிற அந்த ஒரு சனி, ஞாயிறுதான்.

கடற்கரை வழியைப் பேசினோம். மண்டைக்காட்டிலிருந்து மேற்கே போகலாம் என்றார் வாத்தியார். அது துபாய்க்காரனின் ஊர் வழியாகப் போகிற வழி. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "இந்த இறுகிப் பிடிச்ச நிக்கரோட என்ன எங்க ஆளுவ கண்டா எனக்கு பொண்ணு கெடைக்குமா சாரே?" கடைசியில் மலைப்பக்கம் முடிவாயிற்று. குலசேகரம் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். சர்ச் வரை ஏற்றம், அதற்கப்புறம் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறக்கம். அடிவாரத்தில் மருந்துக்கடைக்காரனின் மாமனார் வீட்டுக்குச் சொந்தமான ஒரு காலி வீடு, அங்கே தங்கல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழி பார்க்கக் கிளம்பினேன். கிளம்பினேன் என்பது உண்மை. குலசேகரம் வரை மிதித்தேன் என்பதும் உண்மை. அங்கே ஒரு ஹோட்டலில் புரோட்டாவும் மாட்டிறைச்சியும் மணத்துக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்கு அதைச் சாப்பிட்டு முடித்து வெளியே வந்து மலையை நிமிர்ந்து பார்த்தேன். மலைமேல் மழை இருட்டியிருந்தது. மலை என்னைப் பார்த்த பார்வையும் அவ்வளவு நன்றாக இல்லை. சைக்கிளைத் திருப்பினேன். திரும்பி வரும்போது வழி பூராவும் இறக்கம். மனச்சாட்சி பின்தங்கிவிட்டது.

சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கை கொடுத்தேன். "ஒண்ணாந்தரம் வழி கேட்டியளா. சர்ச்சு வரைக்கும் ஏத்தம். பெறவு எறக்கம், எறக்கம், ஒரே எறக்கம்."

"நாய் உண்டா?" என்றான் மருந்துக்கடைக்காரன்.

இல்லையென்றால் நம்ப மாட்டான் என்று தோன்றியது. ஒரு நாயைக் கொடுத்தேன். "ஒண்ணு உண்டு. ஆனா கடிக்காது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய வேகத்தில் என்னமோ சரியில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வாத்தியார் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார்.

"என்னாச்சு சாரே?"

"போர்டுல எழுதும்ப செவத்துல இடிச்சுட்டு."

வாத்தியார் வலது கைக்காரர். பிளாஸ்திரி இடது முழங்கையில் இருந்தது. மனதில் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை துபாய்க்காரன் வந்தான். அவன் சைக்கிள் டயரில் இடுக்கெல்லாம் செம்மண். தேங்காய்ப்பட்டணத்தில் சைக்கிள் ஓட்டினால் டயரில் கடல்மணல்தான் ஒட்டும்.

"கடப்புறத்துல எப்பலேருந்துடே செம்மண்ணு?"

"ரோடு போட லாரில கொண்டு தட்டியிருக்காவ" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று ராத்திரி எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று பேரும் என்னை விட்டுவிட்டு எங்கேயோ ஓட்டப் போகிறார்கள். ஒரு வருடம் முந்திய சானலுக்காக என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள். நண்பர்கள் என்று நம்பியவர்கள் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார்களே என்று மனம் நொந்தேன். ஒரு யோக்கியன் படவேண்டிய வருத்தம் முழுவதையும், குறைவில்லாமல், நான் பட்டேன்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்காரன் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான். "அந்த பலாமரத்துகிட்ட வழி ரெண்டா பிரியுதே மக்கா. நாம எடத்தயா, வலத்தயா?"

நான் அதுவரை பலாமரத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்கு அப்படி ஒரு பலாமரம் தெரியாது. இது பொறி. 'எந்தப் பலாமரம்?' என்று கேட்டால் நான் போகவில்லை என்று தெரியும். பலாமரமே இல்லாமலிருந்து நான் பதில் சொன்னாலும் அதே கதிதான். தாலுகா ஆபீசில் தெரியாத கேள்விக்கு நாளை வரச்சொல்லலாம். இங்கே நாளைதான் பயணம்.

"எடத்த" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். டாக்டர் கையெழுத்தில் சந்தேகம் வந்த சீட்டைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

சனிக்கிழமை விடிந்ததும் குழித்துறைப் பாலத்திலிருந்து கிளம்பினோம். குலசேகரம் வரை நான் முன்னால் போனேன், தெரிந்த வழி. அந்த ஹோட்டலைத் தாண்டியதும் ஷூ நாடாவைக் கட்டவேண்டியிருந்தது, அதன்பின் கடைசி ஆளானேன். விசித்திரம் என்னவென்றால், முன்னால் போன மூவரில் ஒருவரும் எந்தத் திருப்பத்திலும் நின்று என்னிடம் வழி கேட்கவில்லை.

ஏற்றம் முடிகிற இடத்தில் சர்ச். அதற்கு எதிரே ஒரு சாயாக்கடை. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரவும் கடை பெஞ்சிலிருந்த ஏழெட்டுப் பேர் ஒன்றாக எழுந்தார்கள். ஒரு ஆள் பெஞ்சையே தூக்கிவந்து பாதைக்குக் குறுக்கே போட்டான். நான் இட்டுக்கட்டிச் சொன்ன நாய் உண்மையாகவே அங்கே இருந்தது. கடிக்கிற நாய் என்று அதன் முகத்தில் எழுதியிருந்தது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியோடு ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "நாலு பேரும் வண்டிய விட்டு எறங்குங்க."

இறங்கினோம். விஷயம் இதுதான். அவர் முற்றத்தில் உலரப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டை புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால் காணவில்லை. அந்த விலைக்கு ஷீட்டைத் தொடுவது கழுத்துச் சங்கிலியைத் தொடுவது மாதிரி. அந்த வாரமோ, நாளுக்கு ஒருவனாக சைக்கிளில் வந்து, இந்தப் பாதை எங்கே போகும், கேட் பூட்டியிருக்குமா, நாய் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். சைக்கிள்காரன் வழியில் கேட்கிற கேள்விகள் எல்லாம் கள்ளன் கேட்கிற கேள்விகள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால், நாளுக்கு ஒருவனா?

பெரியவர் கத்தியை நீட்டி வாத்தியாரைக் காட்டினார். "இவரு செவ்வாக்கிழமை வந்தாரு. நாயி கடிக்குமாண்ணு கேட்டாரு. தாழ போய்ட்டு ஏறி வரும்ப முழங்கையில ரெத்தம்."

வாத்தியார் பிளாஸ்திரியை மறு கையால் மூடினார்.

கத்தி துபாய்க்காரனிடம் போயிற்று. "இவரு புதன். உச்சைக்கு இங்க ஆளு நடமாட்டம் இருக்குமாண்ணு கேட்டாரு." பிறகு மருந்துக்கடைக்காரன். "இவரு நேத்து. பலாமரத்து மூட்டுல நிண்ணு ரெண்டு வழியையும் போட்டா எடுத்தாரு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இருவரும் வந்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

கத்தி என்னிடம் வந்து நின்றது. பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இவர நான் கண்டதே இல்ல. இவரு பாவம். இவர விட்டிருங்க."

நிரபராதி என்று தீர்ப்பு வந்து இவ்வளவு கலங்கியவன் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டான்.

"கண்டதே இல்லியா?" என்றான் துபாய்க்காரன், மெல்ல. "நல்லா பாருங்க அண்ணே. போன ஞாயிறு வந்த ஆளாக்கும்."

யோசித்தேன். கள்ளனாக இந்த மூன்று பேரோடு சேர்ந்து நிற்பதா, பொய்யனாகத் தனியே நிற்பதா? "ஆமா அண்ணே" என்றேன். "நானும் வந்தேன். ஞாயித்துக்கிழமை."

"எத்தன மணிக்கு?"

"ஒரு பதினோரு மணி இருக்கும்."

கடையில் இருந்தவர்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. பெரியவர் முகம் மலர்ந்தது. "அண்ணைக்கு சர்ச்சுல அசனம் இல்லியா! இந்த வழி முழுக்க பந்தி போட்டு சோறு வெளம்பினோமே. வழியில வந்தவன் ஒருத்தனையும் சாப்பிடாம விடல. பஸ்ச நிறுத்தி டிரைவருக்கும் இல போட்டோம். அப்ப நீரும் சாப்பிட்டிருப்பீரே?"

"வயிறு நெறய" என்றேன்.

"என்ன கறி?"

அசனம் என்றால் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அதில் இறைச்சி இல்லாமல் போகுமா? மேலும், ஞாயிறு பதினோரு மணிக்கு என் நாக்கு கண்ட ருசி இன்னும் என் நினைவில் இருந்தது. வாழ்க்கையில் ஒருமுறையாவது உண்மை கை கொடுக்கும் என்று நம்பினேன்.

"எறச்சி" என்றேன்.

சாயா ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா சிரித்த சிரிப்பில் நாய்கூட எழுந்து உட்கார்ந்தது. "இந்த வருசம் பருப்பும் சாம்பாரும் பாயாசமுமாக்கும் பிள்ளே. கமிட்டிக்காரங்களுக்குள்ள சண்ட. ஆடு வாங்க ஒருத்தனும் போகல."

நான் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தேன். செயின் சரியாகத்தான் இருந்தது.

அக்கா அதோடு நிற்கவில்லை. வெளியே வந்து எங்கள் சைக்கிள்களைச் சுற்றி நடந்தார். "அண்ணே, இதுவளுக்கு ஒண்ணுலயாவது கேரியர் உண்டா பாரும். ஷீட்ட எங்க வச்சு கெட்டுவாவ? தலையிலயா?"

பெரியவர் குனிந்து பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகினார். கேரியரும் மட்கார்டும் ஸ்டாண்டும் இல்லாத சைக்கிளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கள்ளர்களாக இருக்க வழியில்லை, இவர்களைத்தான் யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. பெஞ்சை எடுத்துப்போட்டு எங்களை உட்காரச் சொன்னார். முதலில் பெஞ்சைக் குறுக்கே போட்ட ஆள் பெரியவரின் மருமகனாம். சாயா கொடுக்கும்போது அக்காவின் பார்வை அடிக்கடி அந்த மருமகன் பக்கம் போனதை நான் மட்டும் கவனித்தேன். ஆனால் அன்றைக்கு என் சந்தேகத்தை யார் மதிப்பார்கள்?

நாலு பேர் கையிலும் கண்ணாடிக் கிளாஸ் வந்தது. நான்தான் முதலில் கோபப்பட்டேன்; எனக்கு வேறு வழி இல்லை. "அப்ப நீங்க மூணு பேரும் என்ன நம்பல. அப்படித்தான?"

"எப்படி மக்கா நம்புகது?" என்றார் வாத்தியார். "ஆனா உன்ன நம்பலண்ணு இவனுவகிட்ட சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துது. அதான் தனியா வந்தேன்."

"எனக்கும் அதுதான்" என்றான் மருந்துக்கடைக்காரன்.

துபாய்க்காரன் சாயாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியை இழுத்து இறுக்கினான். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, போலாம்" என்றான். "ஓட்டிப் பாத்தவன்லா முன்னால போணும். போ மக்கா."

இது மன்னிப்பா, தண்டனையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முன்னால் போனேன். இறக்கம் நிஜமாகவே ஒண்ணாந்தரமாக இருந்தது. நான் சொன்னதைவிட நல்ல வழி. காய்ந்த இலைகள் டயருக்கடியில் நொறுங்கின. இருபுறமும் பால் பிடிக்கச் சிரட்டை கட்டிய மரங்கள் ஓடின. பலாமரம் வந்தது. வழி இரண்டாகப் பிரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். மூன்று முகங்களும் பரீட்சை ஹாலில் நிற்கிற வாத்தியார்களின் முகங்கள். ஒரு உதவியும் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அந்த வாரம் முழுக்க நான் சொன்னதில் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டாமா?

இடது பக்கம் திரும்பினேன். பின்னால் மூன்று பிரேக்கும் ஒரே நேரத்தில் பிடிபடுகிற சத்தம் கேட்டது.

ஷீட் அடிக்கிற இடத்திலிருந்து கழிவு வெள்ளம் வந்து தேங்குகிற குழி அங்கே இருந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. காலி வீட்டில் அன்று என்னைக் கண்டிப்பாக வெளி வராந்தாவில்தான் படுக்க வைத்தார்கள்.

அடுத்த வருடம், துபாய்க்காரன் லீவில் வந்த அன்றே போன் அடித்தது. எடுத்தேன்.

"எடத்தயா, வலத்தயா?" என்றது அவன் குரல்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது.